அறுபத்தோராவது சீட்டு

கள்ளக்குறிச்சிக்கு நான் போனது சீட்டு எண்ணுவதற்காக. பயணத்தின் நோக்கத்தை இப்படிச் சுருக்கமாகச் சொன்னால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்கிறார். காலை நீட்டிக்கொள்ள அது வசதி.

இது காசு வைத்து ஆடும் சீட்டு அல்ல. பூதம், டிராகன், மந்திரவாதி என்று படம் போட்ட அட்டைகள். கடையில் பொட்டலமாக விற்பார்கள். வாங்கியும், தோழர்களோடு மாற்றிக்கொண்டும் சேர்க்க வேண்டும். சேர்த்ததில் அறுபதைப் பொறுக்கி ஒரு கட்டாக்கி, எதிராளியின் கட்டோடு மோதவிட வேண்டும். அறுபது என்றால் அறுபது. ஐம்பத்தொன்பதும் ஆகாது, அறுபத்தொன்றும் ஆகாது.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் தலை நரைத்தவன். ஓய்வு பெற்ற மறு வருடம் எங்கள் குடியிருப்பில் நடந்த போட்டியில் ஏதோ தகராறு. விதிப்புத்தகத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடினார்கள். படித்தேன், அடிக்குறிப்புகளையும் படித்தேன். அதன்பிறகு என்னை விடவில்லை. நடுவர் ஆகிவிட்டேன். அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். எழுதியவர்கள் படித்ததற்கான அடையாளம் அதில் இல்லை.

அழைத்தவர் அன்வர் பாய். கள்ளக்குறிச்சியில் கைபேசிக் கடை வைத்திருக்கிறார். அதன் பின்பக்கத்தில் சீட்டுப் பொட்டல வியாபாரம். வருடம் ஒருமுறை போட்டி நடத்துகிறார். சனிக்கிழமை சுற்றுகள் கள்ளக்குறிச்சியில். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் ஒரு வருடம் கீழே, ஒரு வருடம் கல்வராயன் மலை மேலே வெள்ளிமலையில். இது மலையின் முறை. ஜெயிக்கும் ஒருவருக்குச் சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டியில் இடம். ஒரே ஓர் இடம்.

சனிக்கிழமை காலை பேருந்து என்னை ஊருக்குள் கொண்டு விடவில்லை. புறவழிச் சாலையில் இறக்கிவிட்டு, "இங்கேருந்து ஆட்டோ ஜாஸ்தி இருக்குது சார்" என்று நடத்துனர் ஆறுதல் சொன்னார். ஜாஸ்தி இருந்த ஆட்டோக்களில் ஒன்றுகூட அப்போது அங்கே இல்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப் போன ஒரு மினி லாரிக்காரர் பெட்டியைப் பார்த்து நிறுத்தினார். எங்கள் நங்கநல்லூரில் பெட்டியோடு நிற்பவனைப் பார்த்தால் வண்டிகள் வேகத்தைக் கூட்டும். வழியில் தள்ளுவண்டிக்காரியிடம் வேகவைத்த மல்லாட்டை வாங்கிக் கொடுத்தார். நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் அது. உரித்துக்கொண்டே வந்து சேர்ந்தேன். காலை உணவு அதுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மாடியில் யாருக்கோ மஞ்சள் நீராட்டு. மேலே நாதஸ்வரம், கீழே டிராகன்கள். சாப்பாட்டு மேசைகளில் வாழை இலை விரித்த ஈரம் காயாததால் மேலே செய்தித்தாள் விரித்து ஆடினார்கள். மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், அரிசி மண்டிக்காரர் ஒருவர், கல்லூரிக்காரர்கள் ஒரு கும்பல். வெள்ளிமலையிலிருந்து ஆறு பேர் முதல் பேருந்தில் இறங்கி வந்து ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த விளையாட்டு எப்படி மலை ஏறியது என்று அன்வர் பாயிடம் கேட்டேன். அந்த ஆறு பேரில் பச்சைச் சேலை கட்டியிருந்த பெண்ணைக் காட்டினார். பெயர் அலமேலு. ஓசூரில் கைபேசி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, விடுதி அறையில் கூட இருந்த வெளிமாநிலப் பெண்ணிடம் கற்றுக்கொண்டாராம். ஊர் திரும்பியபின் மழை நாட்களில் மற்றவர்களுக்கும் பிடிக்க வைத்துவிட்டார். இப்போது மரவள்ளிக் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்.

அவர் ஆடியதைப் பார்த்தேன். அதிகம் பேசவில்லை. சீட்டைக் கீழே வைக்கும்போது நாற்று வைப்பதுபோல் விரல் நுனியால் அழுத்தி வைத்தார். அரிசி மண்டிக்காரர் பத்து நிமிடத்தில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தார். தோற்ற பிறகு குடிக்கும் டீயை நான் தூரத்திலிருந்தே அடையாளம் காண்பேன்.

மாலையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் அலமேலு. இன்னொருவர் பிரகாஷ், கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி, முப்பது வயதிருக்கும், கடிகாரம் பெரிது. இறுதிக்கு வந்தவர்களின் கட்டுகளை நடுவர் எண்ணி, உறையிலிட்டு, தன் வசம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பிரகாஷின் கட்டில் அறுபது இருந்தது. அலமேலுவின் கட்டு நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டப்பட்டிருந்தது. கடைசி ஆட்டம் முடிந்ததுமே கட்டிவிட்டாராம். அவிழ்த்து எண்ணினேன். அறுபத்தொன்று. மறுபடி, பத்துப் பத்தாகக் குவித்து எண்ணினேன். ஆறு குவியல், ஒரு சீட்டு.

இதற்கு நடைமுறை உண்டு. தெரியாமல் நேரும் பிழைகள் சகஜம். முந்தைய ஆட்டத்தில் எதிராளியின் சீட்டு ஒன்று நம் கட்டோடு வந்துவிடும். ஒன்று மேசைக்கடியில் விழுந்திருக்கும். தெரியாமல் நேர்ந்தது என்றால் கூடுதல் சீட்டை எடுத்துவிட்டு, மூன்று ஆட்டம் கொண்ட அடுத்த மோதலில் முதல் ஆட்டத்தை எதிராளிக்குக் கொடுத்துவிட வேண்டும். முடிந்துபோன ஆட்டங்களைக் கிளறக் கூடாது. தெரிந்தே செய்தது என்றால் ஆளை வெளியேற்ற வேண்டும், ஒரு வருடம் உள்ளே விடக் கூடாது. எது தெரிந்தது, எது தெரியாதது என்பதை நடுவர் விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும். புத்தகத்தில் இந்தக் கடைசி வாக்கியம் ஒரு வரி. எஞ்சிய பக்கங்களெல்லாம் அந்த ஒரு வரியைத் தவிர்ப்பதற்காக எழுதப்பட்டவை.

அலமேலுவிடம் ஒரு சீட்டு கூடுதலாக இருப்பதைச் சொன்னேன்.

"இல்லீங்களே. அறுவதுதான் இருக்குது" என்றார்.

கண்ணெதிரே குவியல்களைக் காட்டினேன். பார்த்தார். முகம் மாறியது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை. "மூணு தபா எண்ணிக்கினுதாங்க வந்தேன். அறுவதுதான்."

தேர்வு மண்டபத்தில் நான் பார்த்த ஏமாற்றுக்காரர்கள் யாரும் இப்படிப் பேசியதில்லை. அவர்கள் உடனே "ஐயையோ, தெரியாம வந்துடுச்சு சார்" என்பார்கள். தப்பு என்று ஒப்புக்கொள்பவனுக்குச் சலுகை கொடுக்க எல்லா விதிப்புத்தகங்களும் காத்திருக்கின்றன. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்பவருக்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

பிரகாஷ் அருகில் வந்தார். "சார், போன வருசமும் இதே கததான். அன்னைக்கும் ஒண்ணு ஜாஸ்தி. அப்ப இருந்த ஜட்ஜ் எச்சரிக்கை குடுத்து வுட்டாரு. ஒரு தபா தெரியாம வரும். ரெண்டு தபாவுமா தெரியாம வரும்?"

நியாயமான கேள்வி. அதிகப்படியாக ஒரு சீட்டு இருந்தால் கட்டு தீர ஒரு முறை அதிகம் ஆகும். கட்டு தீர்ந்தவர் தோற்பார் என்பதால் அது லாபம்தான். அலமேலு பிரகாஷைப் பார்க்கவே இல்லை. என்னிடம் மட்டும் மெல்லிய குரலில் ஒன்று சொன்னார். போன வருடம் யாரோ தன் கட்டில் ஒரு சீட்டைச் சொருகிவிட்டார்கள் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். அதனால்தான் இந்த முறை நூல்.

தீர்ப்பை மறுநாள் காலை வெள்ளிமலையில் சொல்வதாக அறிவித்தேன். விதியில் அதற்கு இடமுண்டு. மலைக்காரர்கள் ஆறு பேரும் கடைசிப் பேருந்துக்குக் கிளம்பினார்கள்.

ஞாயிறு காலை அன்வர் பாய், பிரகாஷ், நான் மூவரும் மலைப் பேருந்தில். கச்சிராயபாளையம் தாண்டும்வரை இருபுறமும் கரும்பு. கோமுகி அணைத் தண்ணீர் மலையின் காலடியில் தகடுபோல் கிடந்தது. தன் வயலைப் பிரகாஷ் ஜன்னல் வழியே காட்டினார். காட்டி முடிப்பதற்குள் பேருந்து அதைக் கடந்துவிடவில்லை என்பதையும் கவனித்தேன்.

பிறகு சாலை ஏறத் தொடங்கியது. நான் அதுவரை கல்வராயன் மலையை வரைபடத்தில் மட்டும் பார்த்தவன். சேர்வராயனுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பழுப்புத் தீற்றல். அந்தப் பழுப்புத் தீற்றல் என் முன்னால் எழுந்து நின்றது. ஒரு வளைவில் மேகம் சாலைக்குக் கீழே இருந்தது. அடுத்த வளைவில் நாங்கள் அதற்குள் இருந்தோம்; ஜன்னல் கம்பியில் நீர் கோத்து நின்றது. அதற்கடுத்த வளைவில் வெளியே வந்தபோது மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொன்று, ஒவ்வொன்றும் ஒரு நீலம் வெளிறி. கருத்துச் சொல்லத் தோன்றவில்லை. எனக்கு இது அடிக்கடி நேர்வதல்ல.

பேருந்துக்கும் அந்த ஏற்றம் பிரமிப்பாக இருந்திருக்க வேண்டும். பாதி மலையில் ஆவி விட்டு நின்றது. யாரும் பதறவில்லை. ஒரு பெண்மணி கைக்குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். சென்னையில் என்றால் முதலில் நடத்துனரைத் திட்டுவார்கள், பிறகு படம் எடுப்பார்கள். இங்கே குடம் கைமாறிக்கொண்டிருந்தது. குழந்தை என் கண்ணாடியைக் கழற்றி ஆராய்ந்தது. தண்ணீர் ஊற்றியும் இயந்திரம் மனம் இரங்காததால், பின்னால் வந்த ஜீப்பில் எங்களை ஏற்றிவிட்டார்கள். பிஸ்கட் பெட்டிகளுக்கும் உர மூட்டைகளுக்கும் நடுவே வெள்ளிமலை போய்ச் சேர்ந்தேன். எந்தப் பல்கலைக்கழக வாகனத்திலும் இவ்வளவு கவனமாக என்னைப் பிடித்துக்கொண்டவர்கள் இல்லை.

சாலையோரக் கடையில் ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டோம். களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று பரிமாறியவர் இரண்டு முறை சொன்னார். நான் மென்றேன். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

கடையை அடுத்து ஓர் அம்மாள் சாக்கு விரித்துச் சாமை விற்றுக்கொண்டிருந்தார். பிரகாஷின் தாயாருக்குச் சர்க்கரை வியாதி. மலைச் சாமை வாங்கி வரச் சொல்லியிருந்தாராம். ஐந்து படி கேட்டுப் பையை விரித்துப் பிடித்தார். அந்த அம்மாள் படியை முகந்து, கையால் தலை தட்டி, "லாபம்" என்று சொல்லிப் பையில் கொட்டினார். அடுத்த படிக்கு "ஒண்ணு" என்றார். அதற்கடுத்து "ரெண்டு".

முதல் அளவை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் தெருவில் அரிசி அளந்தவரும் அப்படித்தான் தொடங்குவார். ஆனால் அவர் லாபத்துக்கு அடுத்து ரெண்டு என்பார். சமவெளியில் லாபம் என்பது ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டு ஒன்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.

"யக்கா, ஆறு படி ஊத்திட்ட. அஞ்சுதான் கேட்டேன்" என்றார் பிரகாஷ் சிரித்துக்கொண்டே.

"அஞ்சுதாம்பா ஊத்தினேன்."

"நான் பாத்துக்கினுதான இருந்தேன், ஆறு."

"மொதலு லாபம்பா. அது வாங்குறவங்களுக்கு. அத்தப் போயி யாராச்சும் எண்ணுவாங்களா?"

பிரகாஷ் பையை மூடப் போனவர் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இறுதி ஆட்டம் நடக்கும் சமுதாயக் கூடத்துக்கு நடந்தோம். அன்வர் பாய் மட்டும், என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கூடத்தில் இடமில்லை. ஜன்னல்களிலும் ஆட்கள். கடப்பாரையோடு காட்டுக்குப் போகிற வழியில் நின்றவர்களும் இருந்தார்கள். அலமேலு மேசைக்கு ஒரு பக்கம் நின்றிருந்தார். அதே பச்சைச் சேலை. உறையைக் கிழித்து, அவர் கட்டை முழுதாக அவர் முன்னால் வைத்தேன். சோதனைக்கு வந்த கட்டை ஆட்டக்காரர் தொடக் கூடாது, நடுவர்தான் எண்ண வேண்டும் என்பது நடைமுறை. அதை எழுதியவர் கல்வராயன் மலை ஏறியதில்லை.

"நீங்களே எண்ணுங்கம்மா. எப்பவும் எண்ணுற மாதிரி" என்றேன்.

முதல் சீட்டை வைத்தார். உதடு அசைந்தது, "லாபம்" என்றது முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. இரண்டாவது சீட்டிலிருந்துதான் குரல் வந்தது. "ஒண்ணு. ரெண்டு. மூணு." கூடம் முழுவதும் அவரோடு சேர்ந்து எண்ணத் தொடங்கியது. முப்பதைத் தாண்டியபோது ஜன்னலில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அறுபது என்று கடைசிச் சீட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சரியாத்தான கீது? இதுல இன்னா தப்பு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

மேசையில் அறுபத்தொரு சீட்டு இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு பேர் சேர்ந்து, வாய் திறந்து, ஒரு பிழையும் இல்லாமல், தப்பாக எண்ணி நான் கேட்டதில்லை. அதைத் தப்பு என்று சொல்லும் துணிவும் அந்த நொடியில் எனக்கு இல்லை.

மற்ற ஐந்து மலைக்காரர்களின் கட்டுகளையும் கேட்டு வாங்கி எண்ணினேன். ஐந்திலும் அறுபத்தொன்று. முதல் நாள் அவர்கள் இறுதிக்கு வராததால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஓர் ஊரே சேர்ந்து ஒருவருக்கொருவர் ஒரு சீட்டு அதிகமாக வைத்து இரண்டு வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறது.

பிரகாஷைக் கேட்டேன். புகார் அவருடையது.

அவர் காலடியில் இருந்த பையைக் காட்டினார். "நானே அந்தக் கணக்குல ஒரு படி ஜாஸ்தி வாங்கிக்கினு வந்திருக்கேன் சார். இன்னா பேசறது?" கூடம் சிரித்தது. அலமேலு சிரிக்கவில்லை.

தீர்ப்பைச் சொன்னேன். தெரியாமல் நேர்ந்த பிழை. வெளியேற்றம் இல்லை. ஆனால் பிழை பிழைதான். ஒரு சீட்டு எடுக்கப்படும், மூன்று ஆட்டத்தில் முதலாவது பிரகாஷுக்குப் போகும். இந்த விளையாட்டில் லாபத்தையும் எண்ண வேண்டும். அலமேலு தலையாட்டினார். கட்டைக் கலைத்துக் கண்ணை மூடி ஒரு சீட்டை உருவினேன். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. வந்தது அவருடைய மிகப் பெரிய டிராகன். கூடத்தில் ஒரு முனகல். அதற்கும் அவர் தலையாட்டினார். பிறகுதான் கேட்டார்.

"அப்ப நானு ஏமாத்தலீங்களே?"

"இல்லம்மா."

"போன வருசம் மைக்குல சொன்னாங்க, எல்லார் முன்னாலயும். ஒரு சீட்டு ஜாஸ்தி வெச்சிக்கினு ஆடறாங்கன்னு. எங்க ஊட்டுக்காரரும் பக்கத்துல இருந்தாரு. அதனால இதையும் மைக்குல சொல்லுங்க."

தண்டனையை அறிவிக்க விதிப்புத்தகத்தில் மூன்று பத்திகள் இருக்கின்றன. ஒருவர் குற்றமற்றவர் என்று அறிவிக்க ஒரு வரிகூட இல்லை. தேர்வுப் பிரிவிலும் இல்லை; விசாரணையில் தப்பித்தவர்களுக்கு நாங்கள் எதுவும் சொல்வதில்லை, அவர்களாகப் புரிந்துகொள்ள வேண்டும். அன்வர் பாயிடம் ஒலிவாங்கியை வாங்கி எழுந்து நின்றேன். வெள்ளிமலை அலமேலு இந்த வருடமும் ஏமாற்றவில்லை, போன வருடமும் ஏமாற்றவில்லை, நடுவர்களாகிய நாங்கள்தான் அவரை எண்ணச் சொல்லிக் கேட்காமல் விட்டோம் என்று சொன்னேன். வெளியே ஒலிபெருக்கி இருந்தது எனக்குத் தெரியாது. என் குரல் எதிர்மலையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. கூட்டத்தில் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர்தான் ஊட்டுக்காரர் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

பிறகு ஆடினார்கள். அலமேலு ஓர் ஆட்டம் பின்தங்கி, டிராகன் இல்லாமல் தொடங்கினார். அந்த இழப்பை மறைக்க அவர் எதையும் செய்யவில்லை. சின்னச் சின்னப் பூதங்களை ஒன்றன்பின் ஒன்றாக, அதே விரல் நுனி அழுத்தத்தோடு வைத்துக்கொண்டே போனார். இரண்டாம் ஆட்டம் அவருடையது. மூன்றாவதில் பிரகாஷ் தன் வலுவான சீட்டுகளையெல்லாம் சீக்கிரமே இறக்கினார். கரும்பு வெட்டுகிறவர் மாதிரி அடித்து முன்னேறினார். அலமேலு பின்வாங்கிக்கொண்டே இருந்தார். தோற்கிறார் என்று நினைத்தேன். அவர் பின்வாங்கியது, பிரகாஷ் கையில் ஒன்றும் மிஞ்சாத இடத்துக்கு அவரை இழுத்து வர. அதை நான் உணர்ந்தபோது ஆட்டம் முடிந்துவிட்டது. இத்தனை வருடம் பார்த்த ஆட்டங்களில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது அதுதான்.

பிரகாஷ் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். சென்னை போக அவருக்கும் ஆசைதான். பிறகு எழுந்து, "யக்கா, ஒன்ன அங்க எவனும் சாய்க்க முடியாது, போ" என்றார். ஏற்கெனவே பல பேர் அலமேலுவைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள்.

கிளம்பும் நேரத்தில் அவர் என்னிடம் வந்தார். கையில் கட்டு. இந்த முறை நூல் கட்டியிருக்கவில்லை.

"சென்னையிலயும் எண்ணுவாங்களா சார்?"

"ஒவ்வொரு சுத்துக்கும் எண்ணுவாங்கம்மா. கெடுபிடி ஜாஸ்தி."

"எண்ணட்டுங்க" என்றார்.